சுத்தி இருக்கற சதை

இந்தா தாயி, இந்தத் தூக்குச்சட்டியக் கொஞ்சம் ஒங்காலுக்குக் கிட்ட வச்சுக்கிறேன், ஒதைச்சுப்புடாத. உள்ள கஞ்சிதான். ஒதைச்சாலும் பெரிய நட்டமில்ல, உப்பு போடாத கஞ்சி, கொட்டுனா தரைகூடக் குடிக்காது.

நீ ஜன்னலோரமே இரு. எனக்குக் காத்து வேணாம். "ஒனக்கெதுக்குடி காத்து, ஒன் வாயில இருந்து வர்றதே ரெண்டு ஊருக்குக் காணுமே"ன்னு எங்கண்ணன் சொல்லும். மதுரைக்கா? ஆரப்பாளையமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. திண்டுக்கல்லு தாண்டுன ஒடனே ஒறங்குற ஆளு பக்கத்துல ஒக்காந்தா எனக்கு ஆகாது. பொணத்துக்குக் காவலிருக்கற மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கென்ன, கல்லத் தின்னாலும் செமிக்கும். எங்க மதினியப் பாக்கப் போறேன். எங்கண்ணன் பொண்டாட்டி, அன்னக்கொடின்னு பேரு. கழுத்துல கட்டி. தைராய்டு தைராய்டுங்கறாகல்ல, அந்த எடத்துல. வெறுங்கட்டி இல்ல, கேன்சரு. மெதுவாத்தான் சொல்றேன். சத்தமாச் சொன்னா முன்னாடி சீட்டுக்காரரு எந்திரிச்சுப் போயிருவாரு. பாரு, காதுமட்டும் பின்னாடி திரும்பியிருக்கு. அண்ணே, ஒட்டிக்காதுண்ணே, முன்னாடி பாருங்க.

சிரிக்கிற. சிரி, சிரி. எங்கிட்ட ஒக்காந்துட்டு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு எறங்குனவுக கெடையாது.

ஆப்பரேசன்லாம் முடிஞ்சிருச்சு தாயி. கழுத்தத் தொறந்து எடுத்தாச்சு. இப்ப இன்னொண்ணு பாக்கி. ஒரு மருந்து குடுப்பாகளாம், அயோடின் மருந்து. அத முழுங்குனா, உள்ள மிச்சம் மீதி எங்க ஒளிஞ்சிருந்தாலும் தேடிப் போயி சுட்டுப்புடுமாம். ஆனா முழுங்குனவுக ஒடம்புலருந்து கதிர் அடிக்குமாம், கண்ணுக்குத் தெரியாது. அதனால தனி ரூம்பு. புருசன் பிள்ளை ஆரும் உள்ள போகக்கூடாது, சோறுகூட வாசப்படியில வச்சுட்டு ஓடியாந்துரணும். அந்த மருந்துக்கு முன்னாடி பாக்கெட் உப்பு ஆகாது, மீனு ஆகாது, பாலு மோரு ஆகாது. அதான் இந்தக் கஞ்சி.

நாளைக்குக் காலைல ரூம்பு குடுத்திருக்காக. இவ என்னடான்னா வேணாங்குறா. "போதும், வீட்டுக்குப் போவோம்"ங்குறாளாம். நர்சு கேட்டா சிரிக்கிறாளாம், டாக்டரு கேட்டா சிரிக்கிறாளாம், எங்கண்ணன் கண்ணக் கசக்குனா அதுக்கும் சிரிக்கிறாளாம். இவ வேணாம்னா ரூம்பு அடுத்த ஆளுக்குப் போயிரும். பெறகு எப்பக் கெடைக்கும்னு அவுகளுக்கே தெரியாதாம். அதுக்குள்ள அது எங்க போயி நிக்குமோ. காலைல அண்ணன் போன் போட்டு அழுகுது. "சிட்டு, நீ வந்து நாலு வார்த்தை பேசுத்தா. நீ சொன்னாத்தான் அவ கேப்பா"ன்னு. ஆமா, சிட்டம்மான்னு எம்பேரு. நான் சொன்னாத்தான் கேப்பாளாம். அதான் கெளம்பிட்டேன். போயி, நாலு போடு போட்டு, சிரிக்க வச்சு, கையெழுத்து வாங்கிட்டு வந்துருவேன்.

கேப்பா. நான் சொல்லி அவ கேக்காதது எதுவும் இல்ல. அதான...

அதான நல்ல மதினிக்கு அழகு.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. அவ எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தன்னைக்கே ஆரம்பிச்சது. மணவறையில ஒக்காந்திருக்கா, நான் போயிக் காதுக்குள்ள சொன்னேன், "ஏய், எங்கண்ணன் கொறட்டை விடும், லாரின்னு நெனச்சு தெருவுக்கு ஓடிராத"ன்னு. தாலி கட்டுற நேரத்துல குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா. எங்க ஆளுகள்ல மதினி நாத்துனான்னா கேலி பண்ற மொறை. பண்ணலைன்னாத்தான் கொறை. "என்னத்தா, ரெண்டு பேருக்கும் சண்டையா, பேச்சே காணும்"ம்பாக. எங்கக்காளக் கேலி பண்ணா செருப்பு வரும், மதினியப் பண்ணலாம். அப்பிடி ஒரு சட்டம். நான் போட்ட சட்டமில்ல.

ரெண்டு பேரும் வேலை பாக்கறது திண்டுக்கல்லு வெங்காயப் பேட்டையில. மூட்டையக் கொட்டி, தாள அறுத்து, பொடி தனி, நடுத்தரம் தனி, பெருசு தனின்னு பிரிக்கணும். பத்துப் பதினைஞ்சு பொம்பளைக வட்டமா ஒக்காந்திருப்போம். அழுகுறதுக்குச் சம்பளம் குடுக்கற ஒரே வேலை அதுதான்னு நான் சொல்லுவேன். கண்ணுல தண்ணி ஊத்தும், வாயி சிரிக்கும். புதுசா வர்றவுகளுக்கு, இதுக அழுகுதுகளா சிரிக்குதுகளான்னு தெரியாது.

அங்கதான் ஒருநா பாத்தேன். மதினி தண்ணி குடிக்க அண்ணாந்தா. கழுத்து நடுவுல, இந்தா இந்தக் குழிக்குப் பக்கத்துல, ஒரு சின்ன உருண்டை. தண்ணி எறங்கையில அதுவும் ஏறி எறங்குது. நான் சும்மா இருப்பனா. "ஏ மதினி, மூட்டையில ஒண்ணு கொறையுதேன்னு மொதலாளி தேடுறாரு, நீ முழுங்கி வச்சிருக்கியா"ன்னேன். வட்டமே உருளுது. ஒச்சம்மான்னு ஒருத்தி, பல்லு இல்லாத கெழவி, சிரிச்சதுல பொகையிலைய முழுங்கிட்டா. மதினியும் சிரிச்சா. கழுத்தத் தடவிக்கிட்டே சிரிச்சா.

அதுல இருந்து அதுக்குப் பேரே வச்சாச்சு. பொடி வெங்காயம். "பொடி எப்பிடி இருக்கு? சாப்புட்டுச்சா?"ன்னு காலைல வந்ததும் கேக்கறது. கொஞ்ச நாள் போச்சு. "அடியே, பொடி இல்லடி இது, நடுத்தரம் ஆயிருச்சு, வெலை கூடப் போட்டுக் கேளு"ன்னேன். அதுக்கும் சிரிப்பு. பெறகு பல்லாரி. அதான் தாயி, பெரிய வெங்காயம். "எங்கண்ணன் ஒனக்கு இத்தன வருசத்துல ஒரு நகை வாங்கிக் குடுத்திருக்கா, நீயா வெளைய வச்சுக்கிட்ட"ன்னு சொல்லிருக்கேன். "ஆம்பளைக்குத் துருத்திக்கிட்டு இருக்கற மாதிரி இருக்குடி, இனிமே நீ வேட்டி கட்டு, எங்கண்ணன் சேலை கட்டட்டும்"ன்னு சொல்லிருக்கேன்.

நீ ஏன் இப்பச் சிரிக்க மாட்டேங்கற? அப்ப எல்லாரும் சிரிச்சாக தாயி. நான் மட்டுமா சிரிச்சேன். பேட்டையே சேந்து தரம் பிரிச்சுச்சு. நான் பேருதான் வச்சேன்.

கொடைரோடு வந்துருச்சா. கொய்யாப்பழம் வாங்குறியா? வேணாமா. சரி.

ஒச்சம்மாக் கெழவி ஒருநா சொன்னா. "அன்னக்கொடி, இது நல்லால்ல, பெரியாசுபத்திரில காட்டு"ன்னா. வட்டமே தாள அறுக்கறத நிறுத்திருச்சு. மதினி மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்கு அந்த மொகத்தப் பாக்க முடியல. அதான் நான் எடுத்து விட்டேன், "அட போ கெழவி, ஒனக்குப் பல்லு போன மாதிரியே புத்தியும் போச்சு, இது பொன்னுக்கு வீங்கி"ன்னு. ஒனக்குத் தெரியும்ல? சின்னப் பிள்ளைகளுக்குக் காதோரம் வீங்கும், தங்கச் செயினக் கழுத்துல போட்டுவிட்டா வத்திரும். எங்கூட்டுல எல்லாருக்கும் அப்பிடித்தான் வத்துச்சு. பெரியாளுக்கு வருமான்னா? வந்துச்சுன்னு வச்சுக்கவேன். கழுத்து நடுவுல வருமான்னா? அதுக்கு என்ன வழி தெரியுமா, கழுத்துக்குள்ள பூந்தா எங்கயாச்சும் நிக்கும்.

மதினி கழுத்துல மஞ்சக் கயிறுதான். தங்கம் ஏது. அன்னைக்குச் சாயந்தரமே எஞ்செயினக் கழட்டி அவ கழுத்துல போட்டேன் தாயி. எங்க ஆத்தா எனக்குப் போட்ட செயினு. எம் புருசன் செத்தப்பகூட நான் அத வெளிய குடுக்கல, அடகு வைக்கல. அவளுக்குக் குடுத்தேன். எவ குடுப்பா சொல்லு. எந்த நாத்துனா குடுப்பா. இதச் சொல்றேன்னு நெனைக்காத, பேட்டையில அன்னைக்கு எல்லாப் பொம்பளைகளும் என்னப் பாத்த பார்வையே வேற. ஒச்சம்மாவே அதுக்குப் பெறகு ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கல.

மதினிக்கு அழுகை வந்துருச்சு. "சிட்டு, எனக்கு எங்காத்தாகூட இப்பிடிச் செஞ்சதில்ல"ன்னா. நான் என்ன சொன்னேன், "அழுகாதடி, செயினு கறுத்துரும்"ன்னேன்.

அதுக்குப் பெறகு தெனமும் கேப்பேன். "வத்திருச்சா மதினி?" "வத்திருச்சு சிட்டு." "கொஞ்சமா, நல்லாவா?" "நல்லா வத்திருச்சு சிட்டு." நான் பேட்டை முழுக்கச் சொல்லுவேன், பாத்தீங்களாடி எஞ்செயினு மகிமைய, பல்லாரி மறுபடி பொடியாயிருச்சுன்னு. அவ சேலைத் தலைப்ப இழுத்துக் கழுத்தச் சுத்திப் போட ஆரம்பிச்சா. வெயில்லயும் அப்பிடித்தான். நான் அதுக்கும் ஒண்ணு சொன்னேன், "மகாராணி, நகைய மூடி வைக்கிறியே, கண்ணு பட்டுருமா"ன்னு.

தொட்டுப் பாக்கலையான்னு கேக்கறியா? நீ கேக்கல. பின்னாடி மதுரை ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா கேட்டா. எங்கண்ணன்கிட்டக் கேட்டா, "வீட்டுல ஆரும் தொட்டுப் பாக்கலையா"ன்னு.

பாத்தேன். ஒருநா செயினுக் கொக்கிய மாட்டிவிடறப்பத் தொட்டேன். வத்தல. கல்லு மாதிரி இருந்துச்சு. முந்தி தண்ணி குடிச்சா ஏறி எறங்கும், இப்ப நின்ன எடத்துல நிக்குது. பக்கத்துல, இங்கன, தாடைக்குக் கீழ, வரிசையா ரெண்டு மூணு, புளியங்கொட்டை கணக்கா. அவ என்னயவே பாத்துக்கிட்டு இருக்கா கண்ணாடியில. "என்ன சிட்டு?"ன்னா. நான், "நெறி கட்டியிருக்குடி, தலையில பேனு சாஸ்தியாருக்கு ஒனக்கு"ன்னேன். "கட்டி வத்திருச்சா?"ன்னா. "வத்திருச்சு"ன்னேன். அவ, "நானும் அதான் நெனச்சேன்"ன்னா.

அவளுக்குந் தெரியும் தாயி. கழுத்து அவ கழுத்துதான. எனக்காகத்தான் வத்திருச்சு வத்திருச்சுன்னா. நானும் அவளுக்காகத்தான் சொன்னேன். இதுல ஆரு மேல என்ன குத்தம் சொல்ல முடியும்? ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி நல்லதுதான் நெனச்சோம்.

எங்கண்ணன்? எங்கண்ணன் எதப் பாக்கும். அது காலைல சுமை தூக்கப் போயிட்டு ராத்திரி வந்து கவுந்து படுக்கற ஆளு. பொண்டாட்டி கழுத்துல தலை இருக்கான்னு பாத்தாலே பெருசு. கொறை சொல்லணும்னா அதச் சொல்லணும். புருசங்காரன்தான பாக்கணும், நாத்துனாவா பாக்கறது?

வாடிப்பட்டி தாண்டிட்டமா. வேகமாப் போறான் இந்த டிரைவரு. எப்பவும் உருட்டிக்கிட்டு வருவாங்க, இன்னைக்குன்னு பாத்து பறக்குறான்.

இன்னொண்ணு இருக்கு. இத ஒண்ணும் பெருசா நெனச்சுச் சொல்லல, ஞாவகம் வந்துச்சு சொல்றேன். பேட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இலவசமா டாக்டருக வந்து பாத்தாக. மதினி அன்னைக்கு வேலைக்கு வரல. கல்யாணத்துக்குக் கட்டுற சேலையக் கட்டிக்கிட்டு எங்கிட்ட வந்தா. "சிட்டு, கூட வாறியா? எனக்கு முழுங்க முடியல. எச்சி முழுங்குனாக்கூடத் தடுக்குது. பயமா இருக்கு"ன்னா. அவ அப்பிடிப் பேசுனதே இல்ல. போனேன். போகாம இருப்பனா. வரிசையில கூடவே நின்னேன்.

வரிசைன்னா பெரிய வரிசை. பேட்டை ஆளுக பூராம் நிக்குது, ஆம்பள பொம்பளன்னு. மதினி எம்முந்தானையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்கு அவ பயத்த நீக்கணும். எனக்குத் தெரிஞ்ச மருந்து ஒண்ணுதான தாயி. கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன், "டாக்டரய்யா, இங்க ஒருத்தி கழுத்துல மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கா, பொடியா பல்லாரியான்னு பாத்து நல்ல வெலையாப் போட்டுவிடுங்க"ன்னேன். பள்ளிக்கூடமே சிரிச்சுச்சு. அந்தக் கம்பவுண்டர் பய சிரிக்கிறான். வரிசையில முன்னாடி நின்ன ஆம்பளைக எல்லாம் திரும்பி அவ கழுத்தப் பாக்குறாங்க.

அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே எம்முந்தானைய விட்டா. "நாளைக்கு வரலாம் சிட்டு, இன்னைக்குக் கூட்டமா இருக்கு"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் வரிசைய விட்டு வந்தா. அழுதுக்கிட்டு வந்தாத்தான நான் நில்லுடின்னு சொல்லியிருப்பேன்? சிரிக்கிற ஆளப் போயி என்னத்தச் சொல்ல? மறுநா டாக்டருக வேற ஊருக்குப் போயிட்டாக.

வெக்கம் அவளுக்கு. சின்ன வயசுலருந்தே வெக்கம் சாஸ்தி. அதுக்கு நான் என்ன பண்ண.

பெறகு தொண்டை கட்டிக்கிச்சு. கோழி கத்துற மாதிரி கொரலு. அப்பத்தான் எங்கண்ணனுக்கே முழிப்பு வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஊசி குத்தி எடுத்துப் பாத்தாக, ஆப்பரேசன் பண்ணாக. ஆப்பரேசனுக்கு முன்னாடி நகையெல்லாம் கழட்டச் சொல்லி, எஞ்செயினத் தாள்ல மடிச்சு அண்ணன் எங்கையில குடுத்துச்சு. இன்னும் தாள்லதான் கெடக்கு. கொக்கி லூசு, போட முடியல.

ஆப்பரேசன் முடிஞ்சு கொஞ்ச நாள்ல டாக்டரம்மா கூப்புட்டு விட்டா. ஒன் வயசுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நானும் அண்ணனும் போனோம். நல்லாத்தான் பேசுனா, வெரட்டல. வெட்டி எடுத்ததப் பாத்ததுல, கட்டி பெருசுங்கறது மட்டும் சங்கதி இல்லையாம். "இந்த மாதிரிக் கட்டி எத்தனையோ பேருக்கு வந்த எடத்துலயே கெடக்கும்மா. நாங்க கட்டிய மட்டும் பாக்கறதில்ல, அதச் சுத்தி இருக்கற சதையையும் பாக்கறோம்"ன்னா. சில பேருக்கு அந்தச் சதை வேலி கணக்கா நின்னு தடுக்குமாம். சில பேருக்கு, கட்டி அந்தச் சதையத் தம்பக்கம் இழுத்துக்குமாம். பெறகு அந்தச் சதையே வழி விடுமாம். ரத்தம் இழுத்துக் குடுத்துச் சோறு போடுமாம். தடுக்க வர்ற ஒடம்புக் காவக்காரனுகள, இங்க ஒண்ணுமில்ல போங்கன்னு திருப்பி அனுப்பிருமாம். மதினிக்கு அப்பிடித்தான் ஆயிருக்காம். அதான் கழுத்து நெறியெல்லாம் போயி ஒக்காந்திருச்சு.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, கேட்டேன். "ஏம்மா, அந்தச் சுத்தி இருக்கற சதைக்குத் தெரியாதா, உள்ள கெடக்கறது எமன்னு?"

"தெரியாதும்மா"ன்னா. "கையில வெட்டுப்பட்டா சுத்தி இருக்கற சதை ஓடியாந்து ஆத்தும்ல, அந்த மாதிரி ஆத்தறதா நெனச்சுத்தான் எல்லாம் செய்யும். அது நல்ல சதைதாம்மா. அதுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கெடையாது."

எங்கண்ணன் தலையாட்டுது, அதுக்கு என்ன புரிஞ்சுச்சோ. எனக்குப் புரிஞ்சுச்சு தாயி. மூட்டையில ஒரு வெங்காயம் அழுகுனா பக்கத்துல இருக்கறது ஒணந்து கெடந்தா ஒண்ணும் ஆகாது, அழுகுனது அங்கனயே கருகிரும். பக்கத்துல இருக்கறது ஈரமா, எளக்கமா, ஒட்டி ஒறவாடிக்கிட்டு கெடந்தா மூட்டையே போச்சு. இதச் சொன்னேன் அந்தப் பிள்ளைகிட்ட. "கிட்டத்தட்ட அப்பிடித்தாம்மா, ஆனா இதுல ஆரு தப்பும் இல்ல"ன்னா.

ஆரு தப்பும் இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சு. படிச்சவ சொன்னா சரியாத்தான இருக்கும். அண்ணனப் பாத்துத்தான் பேசிக்கிட்டு இருந்தா. இதச் சொல்றப்ப மட்டும் என்னப் பாத்தா. ஏன் என்னப் பாக்கணும்? ரூம்புல அண்ணனும் இருக்குல்ல, அதப் பாத்துச் சொல்லலாம்ல?

அதுக்குப் பெறகு மதினியப் பாக்க நான் உள்ள போகல. போகலன்னா போகாம இல்ல, வார்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். மொதத் தடவை செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போங்கன்னாக. புதுச் செருப்பு. ஆஸ்பத்திரில போட்டா நிக்குமா? வந்துட்டேன். ரெண்டாந் தடவை அவ ஒறங்கிக்கிட்டு இருந்தா. சரி, எழுப்ப வேணாம்னு... ஒறங்கல. முழிச்சுத்தான் இருந்தா. கழுத்துல இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்குத் தையல், வாயத் தொறந்த மாதிரி. அந்தத் தையலே சிரிக்கிற மாதிரி இருந்துச்சு தாயி. அவ கூரையப் பாத்துக்கிட்டு படுத்திருக்கா. நான் கதவோரம் நின்னு என்ன சொல்லலாம்னு யோசிச்சேன். எம்வாழ்க்கையில நான் யோசிச்சுப் பேசுனதில்ல. வாயில தானா வரும். அன்னைக்கு வந்ததெல்லாம் கழுத்தப் பத்தியே வருது. ஒண்ணு வருது, முழுங்குறேன். இன்னொண்ணு வருது, முழுங்குறேன். வந்துட்டேன்.

இன்னைக்குப் போயிருவேன். இன்னைக்குப் போயித்தான ஆகணும். என்ன பேசணும்னு காலைலருந்து சொல்லிப் பாத்து வச்சிருக்கேன். ஒங்கிட்டச் சொல்றேன், நல்லாருக்கான்னு பாரு. உள்ள போனதும், "என்னடி, ஏசி ரூம்பு, தனிக் கக்கூசு, எங்கண்ணன் கொறட்டை இல்ல, இதுக்குப் போயி மாட்டேங்குற, நீ போகலைன்னா நான் போயிப் படுத்துக்கிறேன்"னு சொல்லலாம்னு இருக்கேன். எப்பிடி? நல்லாருக்குல்ல? கழுத்தப் பத்தி ஒண்ணும் வரல பாரு அதுல. சிரிச்சுருவா. சிரிச்சுட்டா சரின்னுருவா.



சமயநல்லூரா? அதுக்குள்ளயா?

இரு, போனு அடிக்குது. இந்தப் பையில எங்கிட்டுக் கெடக்கு பாரு... இந்தா. அண்ணன்தான்.

அலோ. ஆமாண்ணே, வந்துக்கிட்டே இருக்கேன். சமயநல்லூரு. என்ன? சத்தமாச் சொல்லு. சரின்னுட்டாளா? எப்ப? ஏண்ணே அழுகுற, சரின்னதுக்கு எதுக்கு அழுகுற. ஆரு சொன்னது? நர்சா? ம். ம். என்ன கேட்டா? திரும்பச் சொல்லு. ம். சரி. சரிண்ணே. நான்... சரி. அவகிட்டக் குடுக்க வேணாம். அவளுக்குப் பேச வராதுல்ல, வேணாம். வை. வச்சுடு.

சரின்னுட்டாளாம் தாயி. நாளைக்கு ரூம்புக்குப் போறாளாம். கையெழுத்துப் போட்டுட்டா. நல்ல சேதிதான. நல்ல சேதி. நான் போகாமலே காரியம் முடிஞ்சிருச்சு பாரு. நான் வாறேன்னு கேட்டதுமே சரின்னுட்டா போல. எம்மேல அம்புட்டுப் பாசம் அவளுக்கு.

இல்ல. அப்பிடி இல்ல.

நர்சு மறுபடியும் வந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கு. மருந்து இப்பிடி, ரூம்பு இப்பிடி, வெளிய விடற வரைக்கும் ஆரும் உள்ள வரக்கூடாதுன்னு. இவ அந்தக் கரகரத்த கொரல்ல கேட்டாளாம், "ஆருமேவா?"ன்னு. நர்சு, "ஆருமே"ன்னுச்சாம். "சொந்தக்காரங்க கேட்டாக்கூட விட மாட்டீங்களா?" "விட மாட்டோம்." "அப்பச் சரி"ன்னு பேனாவ வாங்கிட்டாளாம்.

எங்கண்ணன் சந்தோசத்துல சொல்லுது. அதுக்கு என்ன தெரியும், வெள்ளந்தி. "சிட்டு வந்துக்கிட்டு இருக்கா"ன்னு அவகிட்டச் சொல்லுச்சாம். கையெழுத்துப் போடறத நிறுத்திட்டு, "ரூம்புக்குப் போன பெறகு வரச் சொல்லுங்க"ன்னாளாம். ஏன்னு கேட்டுருக்கு. "அவ வந்தா நான் சிரிச்சிருவேன். சிரிச்சுச் சிரிச்சுத்தான் இம்புட்டு தூரம் வந்துருச்சு"ன்னாளாம்.

தையல் வலிக்கும்னு சொல்லியிருப்பா. சிரிச்சா கழுத்துத் தையல் இழுக்கும்ல. அதத்தான் சொல்லியிருப்பா, இந்த அண்ணன் ஒண்ணுக்கு ஒண்ணா மாத்திச் சொல்லுது. அப்பிடித்தான?

நீயாச்சும் ஆமான்னு சொல்லேன்.

சரி விடு. சொல்லாத. நீ சொல்லலைன்னா பரவால்ல. நல்ல பிள்ளை நீ.

எறங்குற எடம் வந்துருச்சு, நீ பாத்து எறங்கு. நான் திரும்பிப் போறதுன்னா பஸ்ஸு இதே எடத்துல நிக்கும், ஏறி ஒக்காந்தா சாயந்தரத்துக்குள்ள ஊருக்குப் போயிரலாம். போக மாட்டேன். வார்டுக்குள்ள வர வேணாம்னுதான சொன்னா. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய வர வேணாம்னு சொல்லலேல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெறையப் பேரு துணிய விரிச்சுப் படுத்துக் கெடக்காக. நானும் கெடக்கேன், அவ வெளிய வர்ற வரைக்கும். வந்திருக்கேன்னு அண்ணன்கிட்டக்கூடச் சொல்ல மாட்டேன். பக்கத்துல படுத்திருக்கவுக, ஆருக்கு வந்திருக்கன்னு கேப்பாக. கேக்கட்டும்.

வாயத் தொறக்க மாட்டேன்.